பாரம் எந்தக் காலில்?

எதிர் வீட்டில் தேக்குக் கதவுக்கு பாலிஷ் போடுகிறார்கள். காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால், ஸ்பிரிட்டில் கரைந்த அரக்கின் நெடி மாடிப்படி முழுக்க நிறைந்திருந்தது. பாலிஷ்காரர் பஞ்சைத் துணியில் பொதிந்து மரத்தின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். "நெடி ஜாஸ்தியா இருக்கா மேடம்? சாயந்தரத்துக்குள்ள போயிடும்" என்றார். மெதுவாகப் போகட்டும் என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றேன். எனக்கு அது வெள்ளிக்கிழமை சாயங்காலத்தின் வாசனை.

ஓவியக் கல்லூரியில் படித்த நாட்களில் மனித உருவங்களைக் கரித்துண்டால்தான் வரைவோம். கரி காகிதத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். புறங்கை பட்டாலே கலைந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்த இன்று கடையில் ஸ்ப்ரே டப்பா கிடைக்கிறது. அன்று அரக்கை ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து மைப்புட்டியில் ஊற்றி வைத்திருப்போம். இரண்டு சின்னக் குழாய்களைச் செங்கோணமாக மடக்கிப் பிடிக்கிற ஊதுகுழல் ஒன்று உண்டு. ஒன்றின் முனை புட்டிக்குள், மற்றொன்றின் முனை வாயில். மூச்சைச் சீராக விட்டு ஊதினால் அரக்கு நீர் பொடித் திவலையாகப் படத்தில் படியும். விட்டுவிட்டு ஊதினால் சொட்டு விழுந்து பழுப்புக் கறையாகிவிடும்.

எங்கள் ஆசிரியர் இதில் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். வாரம் முழுக்க வரைந்ததை வெள்ளிக்கிழமை மத்தியானம் சுவரில் வரிசையாகக் குத்தி வைப்போம். எல்லோரும் எல்லோருடைய படத்தையும் பார்த்துப் பேசி முடிக்கும்வரை யாரும் அரக்கு ஊதக் கூடாது. "ஊதிட்டா அப்புறம் அது உன் படம். அதுவரைக்கும் எல்லார் படமும்" என்பார். அதாவது, பேசும்போது கரி இன்னும் கலையக்கூடியதாக இருக்க வேண்டும். ஒருவர் சொன்னது சரியென்று பட்டால் அங்கேயே துணியால் தட்டி அழித்துவிட்டுத் திருத்தலாம். படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியபின் வருகிற கருத்தால் அந்தப் படத்துக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நெடி கிளம்பியதென்றால் பேச்சு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று பொருள்.

கல்லூரி பூந்தமல்லி நெடுஞ்சாலையில், எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவில். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்கிற மருத்துவர் தொடங்கியது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர், தனபால் என்று பெரிய கைகள் தலைமையேற்று நடத்திய இடம். நாங்கள் சேர்ந்தபோது அந்தப் பெயர்கள் மரத்தடிப் பேச்சில் உயிரோடு இருந்தன. லைஃப் கிளாஸ் நடக்கும் கூடத்தில் வடக்கு ஜன்னல் வெளிச்சம். நடுவில் ஒரு பலகை மேடை. சுற்றிலும் 'டாங்கி' என்று நாங்கள் சொல்லும் பெஞ்சுகள். இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, முன்னால் நிற்கிற கட்டையில் போர்டைச் சாய்த்து வரையலாம். மாடல் மேடையில் நின்றதும் ஒரு பையன் போய் அவர் பாதங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவான். இருபது, இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவர் இறங்கி ஓய்வெடுப்பார். திரும்பி ஏறும்போது அந்தக் கோட்டுக்குள் பாதத்தை வைத்தால் பழைய நிலை ஏறக்குறையக் கிடைத்துவிடும்.

அந்த நாட்களில் எங்கள் எல்லோருக்கும் ஆதிமூலத்தின் மேல் பைத்தியம். எங்கள் கல்லூரியிலேயே படித்தவர். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களையும் சிறுபத்திரிகைகளில் வந்த கோடுகளையும் பார்த்துப் பார்த்து, அந்த நடுக்கத்தையும் அந்த வேகத்தையும் எங்கள் கைக்குக் கொண்டுவர முயற்சி செய்வோம். பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் எட்டிப் பார்த்து "லைன் சூப்பரா இருக்கு" என்று சொன்னால் அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

ஆசிரியர் கோட்டைப் பற்றிப் பேசவே மாட்டார். சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பார். வெற்றிலை வாசனை வந்தால்தான் அவர் வந்திருப்பது தெரியும். வெகு நேரம் பார்ப்பார். படத்தைப் பார்ப்பதைவிட மாடலைத்தான் அதிக நேரம் பார்ப்பார். பிறகு எப்போதும் ஒரே கேள்வி: "பாரம் எந்தக் கால்ல?"

எந்த மனுஷரும் இரண்டு காலிலும் பாரத்தைச் சரிபாதியாகப் பங்கிட்டு வெகுநேரம் நிற்பதில்லை. பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்த்தாலே தெரியும். ஒரு கால் தாங்கும், மற்றது ஓய்வெடுக்கும். தாங்குகிற பக்கத்து இடுப்பு மேலேறும். அதே பக்கத்துத் தோள் கீழிறங்கும். நடுவில் முதுகெலும்பு வளைந்து இரண்டையும் சமன்செய்யும். ஆசிரியர் சட்டைப் பையில் ஒரு நூல் வைத்திருப்பார், நுனியில் சைக்கிள் நட்டு கட்டியது. கையை நீட்டி அதை மாடலுக்கும் நமக்கும் நடுவே தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்வார். கழுத்துக் குழியிலிருந்து நூலை விட்டால், ஒற்றைக்காலில் பாரம் போட்டு நிற்பவரின் உள்கணுக்காலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதே நூலை என் படத்தின் மேல் பிடிப்பார். எங்கோ இரண்டு கால்களுக்கும் நடுவே வெற்றிடத்தில் விழும். ஒன்றும் சொல்லாமல் நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார். படத்தில் இருப்பவள் விழப்போகிறாள் என்று எனக்கே தெரிந்துவிடும். நன்றாக இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். நூல் சொன்னபோது அழிக்கத்தான் தோன்றியது.

இவ்வளவு கற்றும் எனக்கு உறைத்தது ஆயா சொன்னபோதுதான்.

ஆயா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். பெரியமேட்டுப் பக்கம் எங்கிருந்தோ வருவார். கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவர்; வயதானபின் அந்த வேலைக்குக் கூப்பிட ஆளில்லாமல் மாடலாக வந்தார். ஒரு நாள் ஆசிரியர் அவரைத் தலையில் கூடையோடு நிற்கச் சொன்னார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சும்மாட்டைச் சுருட்டி வைத்து, அதன் மேல் காலிக் கூடையை ஏற்றி நின்றார். நாங்கள் வரையத் தொடங்கினோம். கொஞ்ச நேரத்தில் அவர் கூடையை இறக்கிக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா ஆயா, கால் வலிக்குதா?"

"வலிச்சாதான் தேவலையே. வெத்துக் கூடைக்கு கழுத்து இப்டி நிக்காது. நாலு கல்லு போடு, அப்பால பாரு."

கல்லூரிக்குள் ஏதோ சுவர் வேலை நடந்துகொண்டிருந்தது. பையன்கள் ஓடிப்போய்ச் செங்கல் எடுத்துவந்தார்கள். ஆசிரியர் பதறி, வேண்டாம் வேண்டாம் என்றார். ஆயா கேட்கவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட, கூடை தலைக்கு ஏறியது.

அந்த நொடியில் நடந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. கழுத்தின் இரண்டு பக்கத்து நரம்புகளும் கயிறாகப் புடைத்தன. முகவாய் உள்ளே போனது. தோள்கள் தளர்ந்து கீழே இறங்கின. பாரம் ஏறினால் தோள் தூக்கிக்கொள்ளும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் தோள் அந்த வேலைக்கு வரவேயில்லை, முதுகெலும்பு ஒன்றே நேராக எடுத்துக்கொண்டது. வலது பாதத்தின் விரல்கள் விரிந்து பலகையைப் பிடித்தன. சும்மா நின்றபோது கூனியிருந்த முதுகு, சுமை ஏறியதும் நிமிர்ந்துவிட்டது. ஆசிரியர் இரண்டே நிமிஷம் கொடுத்தார். யாருடைய கையிலும் ஆதிமூலம் இல்லை. வரைந்தோம், அவ்வளவுதான்.

டீ நேரத்தில் ஆயா சுற்றிவந்து எல்லோர் படத்தையும் பார்த்தார். அதுவரை எந்த மாடலும் அப்படிப் பார்த்ததில்லை; இடைவேளையில் அவர்கள் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வதே வழக்கமாக இருந்தது. முந்தைய நாள் நான் நீண்ட நேரம் வரைந்த படத்துக்கு முன்னால் நின்றார். நான் ரொம்பவும் நம்பியிருந்த படம். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்:

"ஏன் கண்ணு, நேத்து அம்மாம் நேரம் நின்னு எனக்கு இந்தப் பக்கம் இடுப்பு விண்ணு விண்ணுனு தெறிச்சுது. நீ போட்டுக்கிற பொம்பளைக்கு ஒண்ணுமே வலிக்கலியே."

பக்கத்தில் சிரித்தார்கள். ஆயா சிரிக்கவில்லை. தன் வலது இடுப்பில் கையை வைத்து, எலும்பு எங்கே முட்டுகிறது என்று காட்டினார். என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். பிறகு இடது பக்கம். இரண்டுக்கும் நடுவே இருந்த ஏற்ற இறக்கம் என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. இடுப்பு சாய்வதை நான் அதுவரை ஒரு சாய்கோடாகத்தான் பார்த்திருக்கிறேன். அது ஒரு கிழவி மத்தியானம் முழுக்கத் தாங்கிய எடை என்பது அந்தக் கை வழியாகத்தான் எனக்குள் வந்தது.

அன்று சாயங்காலம் ஆசிரியர் வேறெதுவும் பேசவில்லை. அடுத்த வெள்ளியிலிருந்து ஆயா போகும் முன் சுவர் பக்கம் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவது தானாக ஒரு நடைமுறையாகிவிட்டது.

எங்கள் வகுப்பில் சிற்பிக் குடும்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். அவன் வாயில் சிலைகளுக்கு அளவு சொல்லும் தாலக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் உத்தம தசதாலம், 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தசதாலம், 120. பிள்ளையாருக்கு ஐந்து தாலம். எந்த உருவத்தைப் பார்த்தாலும் அவன் கண் தானாக அளந்துவிடும். சிற்பக்கூடத்தில் தப்பு சொல்வது சுலபம், அளவு முன்கூட்டியே இருக்கிறது, விலகினால் பெரியவர் கையில் தட்டுவார் என்பான். எங்கள் கூடத்தில் அப்படி எதுவும் கிடையாது. அளவு மேடையில் நிற்கிற ஆளிடம் இருக்கிறது. அவர் இறங்கிப் போனால் அளவும் கூடவே போய்விடுகிறது.

ஒரு தடவை அவன் கையை நீட்டி, முழங்கையை மடக்காமல் பென்சிலைப் பிடித்து ஆயாவைத் தலைக்கணக்கில் அளந்தான். சராசரி மனுஷருக்கு ஏழரைத் தலை என்பது பாடம். ஆயா ஏழுக்குக் குறைவாக வந்தார். பிறகு என் படத்தை அளந்தான், எட்டுக்கு வந்தது. "எட்டுத் தலைக்கு இழுத்துட்டே. ஆயாவோட வயசு போயிடுச்சு பாரு" என்றான். அவனுக்கு அதில் குத்தலோ கேலியோ இல்லை, வெறும் கணக்கு. பத்திரிகை ஓவியங்களில் வளர்ந்த கண்ணுக்கு நீளமே அழகு. நீட்டியது நான் அல்ல, அந்தப் பழக்கம் என்று அவனால்தான் கண்டுகொண்டேன். அதன்பின் அளக்காமல் ஒரு உருவத்தையும் முடித்ததில்லை.

வெள்ளிக்கிழமைப் பேச்சுக்கும் ஆசிரியர் மெல்ல மெல்ல ஒரு முறையை உண்டாக்கினார். 'நல்லா இருக்கு', 'நல்லா இல்ல' இரண்டும் சொல்லக் கூடாது. என்ன தெரிகிறதோ அதைச் சொல்ல வேண்டும். "இடது தோள் காதுக்குக் கிட்ட இருக்கு." "பாதம் காகிதத்துக்கு வெளியே போயிருக்கு." "தலை பெரிசு, கை சின்னது." கடைசியாகச் சொன்னது எல்லாப் புதுக் கைகளுக்கும் பொது, நாம் ஒருவரைப் பார்ப்பது முகத்தில், அதனால் முகம் வளர்கிறது, கையும் காலும் சுருங்குகின்றன. இப்படிப் பேசத் தொடங்கியதும் ஒன்று நடந்தது. பேசாதவர்களெல்லாம் பேச ஆரம்பித்தார்கள். அழகைப் பற்றிச் சொல்லத் தைரியம் வேண்டும். தோள் எங்கே இருக்கிறது என்று சொல்லக் கண் இருந்தால் போதும். இன்னொருவர் படத்தில் தோளைத் தேடிப் பழகிய கண், திரும்பித் தன் படத்துக்கு வரும்போது அதையும் விடுவதில்லை. சொல்வதால் சொல்பவருக்குத்தான் லாபம் அதிகம் என்று நான் உறுதியாக நம்புவது அதனால்தான்.

சில நாள் எங்களை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்புவார். செப்புத் திருமேனிகள் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரி இருக்கிறார். ஒரு பக்கம் இரண்டு கை, மறுபக்கம் ஒரு கை. பெண்பாதியின் இடுப்பு வெளியே ஒசிந்து நிற்கும் அழகைப் பார்க்கப் பார்க்க, அந்தச் சிற்பிக்கு யார் பாரத்தைப் பற்றிச் சொல்லித்தந்தார்கள் என்று வியப்பாக இருக்கும். விடியற்காலையில் மெரினாவுக்கும் அழைத்துப்போயிருக்கிறார். 1959-இல் திறந்த உழைப்பாளர் சிலை, ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்த்து நகர்த்துகிறார்கள். நாங்கள் ஸ்கெட்ச் புத்தகத்தைத் திறந்தோம். மூடச் சொல்லிவிட்டார். அவரவர் ஒரு உருவத்தைத் தேர்ந்துகொண்டு அதே நிலையில் நில்லுங்கள் என்றார். வாக்கிங் போகிறவர்கள் நின்று பார்க்க, தாவணியைச் செருகிக்கொண்டு நாங்களும் நின்றோம். மற்றவர்கள் சிலையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துத் திருத்தினார்கள். "குதிகால் தூக்கணும்." "முதுகை இன்னும் வளைச்சுக்கோ." தொடை நடுங்க ஆரம்பித்தபோது எந்தத் தசை வேலை செய்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. அப்புறம்தான் புத்தகத்தைத் திறக்க விட்டார்.

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் கிமோன் நிக்கோலாய்டீஸ் எழுதிய 'தி நேச்சுரல் வே டு டிரா' எனக்குக் கிடைத்தது அந்தச் சமயத்தில்தான். நியூயார்க்கில் பாடம் சொல்லித்தந்தவர். அவர் காலமானபின் 1941-இல் வெளிவந்த புத்தகம். வெளிக்கோட்டை மறந்துவிட்டு, உடம்பின் நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறம் நோக்கிக் கரியை அப்பிக்கொண்டே வாருங்கள், எடை தெரியும்வரை என்று ஒரு பயிற்சி அதில் இருக்கிறது. கடல் தாண்டி ஒருவர் ஆயா சொன்னதையே எழுதிவைத்திருக்கிறார் என்று தோன்றியது. அந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. பிற்பாடு வேறொரு ஊரில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். வந்திருந்த பெரிய ஓவியர் ஒவ்வொருவர் முன்னாலும் சில விநாடிகளே நிற்பார். கையிலிருந்த தடித்த கரியால், கேட்காமல், எங்கள் படத்தின் மேலேயே போட்டுக் காட்டிவிட்டு நகர்வார். அந்தக் காலத்தில் அது பரவலான வழக்கம். குருவின் கை படுவது பாக்கியம் என்று நினைத்தவர்கள் உண்டு. அவர் கோடு அபாரமானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விட்ட என் கோட்டை அதற்குப்பின் பார்க்க முடியாது. எங்கே பிசகினேன் என்பதும் அதோடு மறைந்துவிடும். எனக்கு அடுத்து ஒரு பெண் இருந்தாள், கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை, லீவு போட்டு வந்திருந்தாள். அவள் படத்தைப் பார்த்த ஓவியர், அந்தப் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இதெல்லாம் உனக்கு எதற்கு என்று அவளைப் பற்றிச் சொன்னார். அவள் காகிதங்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டாள். மறுநாள் அவள் இடம் காலியாக இருந்தது. அவள் வரைந்த பாதங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அங்கே இருந்த யாரும் பாதத்தை அவ்வளவு நன்றாகத் தரையில் ஊன்றவில்லை. அவள் கிளம்பிப் போவதற்குள் அதை அவளிடம் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை என்பது இத்தனை வருஷம் கழித்தும் ஆறாத வருத்தம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் சிலர் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடி வரைகிறோம். அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை செய்யும் பிள்ளைகள், கட்டடக்கலை மாணவிகள், ஒரு பல் டாக்டர், வங்கியில் ஓய்வுபெற்ற ஒருவர். செலவைப் பங்கு போட்டு மாடலுக்குப் பணம் கொடுக்கிறோம். நிமிஷத்தை ஃபோன் எண்ணுகிறது. பாதி பேர் மடியில் டேப்லெட். கல்லூரி நாட்களில் நாங்கள் படத்தைக் கண்ணாடியில் காட்டியோ தலைகீழாகத் திருப்பியோ பார்ப்போம், பழகிய கண்ணுக்குப் பிசகு பிடிபடுவதற்காக. இவர்கள் ஒரு பொத்தானைத் தொட்டுப் படத்தை இடவலமாக மாற்றிவிடுகிறார்கள். 'லேயர்' என்று ஒன்று இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. யாராவது திருத்திக் காட்டச் சொன்னால் மேலே ஒரு லேயர் திறந்து தருகிறார்கள். அதில் நான் என்ன போட்டாலும் அடியில் அவர்கள் கோடு அப்படியே இருக்கிறது. காகிதத்தில் வரைபவர்களுக்கு இப்போது டிரேசிங் பேப்பர் வைத்துத்தான் காட்டுகிறேன்.

அரக்கு ஊதும் சடங்கு போய்விட்டது. டேப்லெட்டில் வரைந்தது எந்த நாளும் திருத்தக்கூடியதாகவே இருக்கிறது. அதனாலேயோ என்னவோ, பேச்சை இவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். வீட்டுக்குப் போய் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. மாடல் வீட்டுக்குப் போனபின் இடுப்பு எங்கே இருந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

என் பழைய சுருள்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போய்க் காட்டினேன். கட்டடக்கலை படிக்கும் ஒரு பெண் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். கூடையோடு நிற்கும் ஆயாவை வெகுநேரம் பார்த்தாள். "கழுத்து செமையா இருக்கு மேடம்" என்றாள். அப்புறம், "இவங்க முகம் எந்தப் படத்துல இருக்கு?" என்று கேட்டாள்.

எந்தப் படத்திலும் இல்லை. முகத்துக்குப் போனால் உடம்பை மறந்துவிடுவோம் என்று, ஒரு நீள்வட்டமும் அதில் கண் மட்டத்துக்கு ஒரு குறுக்குக்கோடும் போட்டு விட்டுவிட வேண்டும் என்பது பாடம். எல்லோரும் அப்படித்தான் வரைந்தோம். "பேராவது எழுதியிருக்கலாமே" என்றாள். கூலிப் பதிவேட்டில் ஆயா கைநாட்டு வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் பெயர் எழுதியிருக்கும். மாடலின் பெயரைக் கேட்கிற வழக்கம் அன்று இருக்கவில்லை. அந்தப் பெண் சொன்னதுதான் என் படங்களைப் பற்றி நான் கேட்டவற்றில் மிக ஆழமானது என்று நினைக்கிறேன். உடம்பின் எடையைக் கண்டுபிடிக்க ஆயா எனக்குத் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். எடையைச் சுமந்தது யார் என்பதை இந்த இருபது வயதுப் பெண் கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் ஹாலில் வரைகிற ஒவ்வொரு படத்தின் மூலையிலும், நிமிஷக் கணக்குக்குப் பக்கத்தில், நின்றவரின் பெயர் இருக்கிறது. இடைவேளையில் முதலில் பேசுவதும் அவர்தான். அவர் சுற்றிவந்து சொல்லி முடித்தபின்தான் எங்கள் முறை.

போன வாரம் வந்தவர் கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கியவர். முதுகில் ஒரு மூட்டையோடு குனிந்து நின்றார். இடைவேளையில் அனிமேஷன் பையனின் டேப்லெட்டை வாங்கி, தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, மூட்டை தூக்குறவன் மூச்ச அடக்கிக்குவான். இதுல வயிறு லூசா இருக்கே."

"ஐயா, நடுவுல நீங்க மூச்சு விட்டீங்க. நான் பார்த்தேன்."

"விடாம எப்படி இருக்கறது? தூக்குறப்ப எப்படி இருந்தேன்னு பாக்கலியா நீ?"

"தூக்கும்போது நான் தலையை அளந்துட்டு இருந்தேன்."

பல் டாக்டர் நடுவில் வந்து, மூச்சு விட்ட நிலையும் உண்மைதானே, அதை வரைந்தால் என்ன என்றார். வங்கிக்காரர், அப்படியானால் தோளும் தளர்ந்திருக்க வேண்டும், தோள் மட்டும் இறுக்கமாக இருக்கிறதே என்று தன் படத்தைக் காட்டினார். கட்டடக்கலைப் பெண் நூலைத் தொங்கவிட்டுப் பார்த்து, பாரம் குதிகாலில் இருக்கிறதா முன்பாதத்திலா என்று கேட்டாள். டீ ஆறிப்போனது. கடைசியில் பெரியவரே டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மேடையில் ஏறி, சாக்பீஸ் கோட்டுக்குள் பாதங்களைப் பொருத்தி, மூட்டையை முதுகில் ஏற்றிவிடச் சொன்னார்.

"இப்ப அடக்குறேன். சீக்கிரம் போடு."

பையன் புது லேயர் திறந்தான். யாரோ ஃபோனில் ஒரு நிமிஷம் வைத்தார்கள்.